டொக்டருக்கும் மிஸ்ஸுக்கும் வரும் நோய்

இருபத்துநான்கு மணிநேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் மூளையும், இரத்தத்தில் 0.10 வீதம் மதுசாரம் ஏறியவருடையதைப் போலத் தடுமாறும். பதினேழு மணிநேர விழிப்பே 0.05 வீதத்துக்குச் சமம். அவுஸ்திரேலிய ஆய்வாளர்களான டோசனும் ரீடும் 1997இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கணக்கு இது. இலங்கையில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 0.08. அப்படியானால், ஒரு பகலும் ஓர் இரவும் 'ஒன் கோல்' நின்றுவிட்டு மறுநாள் காலை வார்டைச் சுற்றும் ஓர் இளம் வைத்தியர், வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாதவராக இருந்தாலும், மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாத நிலையில் நின்றுகொண்டுதான் நம் பிள்ளைக்கு மருந்தின் அளவை எழுதுகிறார்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. சுகாதாரத் துறையில் வேலை செய்பவர்களின் மனச்சோர்வு, குடி, மருந்துப் பழக்கம் என்று நம் கரையோர ஊர்களில் பேச்செடுத்தால், "அதெல்லாம் வெளியூர்க் கதை, நம்மட ஊர்ல இல்ல" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மது ஹராம், அதனால் அந்தப் பக்கம் பார்க்கவே தேவையில்லை என்ற நிம்மதி. ஆனால் குடிக்கு முன்னால் வருவது சோர்வு. அதற்குக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை என்ற பேதம் கிடையாது. நோயைவிட, அதை மறைப்பதற்கு நாம் படும் பாடுதான் இங்கே நல்ல மனிதர்களைக் கெடுக்கிறது என்பது என் எண்ணம். இந்தக் கட்டுரையில் அதைத்தான் விளக்க முயல்கிறேன்.

களைப்பும் பணிச்சோர்வும்

களைப்பு தூங்கினால் போகும். இரண்டு நாள் லீவு எடுத்து, உம்மா வீட்டில் சாப்பிட்டு உறங்கி எழுந்தால் ஆள் பழையபடி ஆகிவிடுவார். ஆங்கிலத்தில் 'பேர்ன் அவுட்' என்று சொல்லப்படும் பணிச்சோர்வு லீவில் போகாது. லீவு முடியும் முந்திய மாலையே நெஞ்சு இறுகத் தொடங்கும்.

இதை முதலில் விரித்து எழுதியவர் ஹெர்பர்ட் பிராய்டன்பேர்கர் என்ற உளவியலாளர். பகலில் தன் சொந்தக் கிளினிக்கில் ஆட்களைப் பார்த்துவிட்டு, மாலையானதும் நியூயோர்க்கின் இலவச வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்தவர். அங்கே வேலை செய்த தொண்டர்களும், கடைசியில் தானும், அணைந்துபோன விளக்குப் போல ஆனதைக் கண்டு 1974இல் எழுதினார். காலையில் அரசாங்க வைத்தியசாலை, அஸருக்குப் பிறகு தனியார் கிளினிக் என்று ஓடும் நம் ஊர் டொக்டர்களுக்கு அவருடைய கதை அந்நியமாக இருக்காது. பின்னர் கிறிஸ்டினா மஸ்லாக் இதை அளப்பதற்குக் கேள்விப்பட்டியல் ஒன்றை உருவாக்கினார். உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பகுப்பில் இது இடம்பெற்றிருக்கிறது. தனி நோயாக அல்ல, வேலையால் உண்டாகும் நிலையாக. சரிவரக் கையாளப்படாத, நீண்டகால வேலை அழுத்தத்தால் வருவது என்று அந்த நிறுவனம் வரையறுக்கிறது. பழுது முதலில் வேலை நடக்கும் முறையில்தான் இருக்கிறது என்பது இதன் பொருள். ஆளின் மனவலிமையைக் குறைசொல்லும் நமக்கு இது உறைக்க வேண்டும்.

மூன்று அடையாளங்கள் சொல்கிறார்கள். சக்தி வற்றிப்போவது ஒன்று. வேலையோடும் நோயாளியோடும் மனம் ஒட்டாமல் போவது அடுத்தது. என்ன செய்தும் பலனில்லை, நான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் மூன்றாவது. முதலாவதை எல்லாரும் கண்டுகொள்வார்கள். இரண்டாவதைத்தான் நாம் தப்பாகப் படிக்கிறோம். பத்து வருடம் பொறுமைக்குப் பெயர் வாங்கிய ஒரு மிஸ், வலியில் முனகும் கிழவியைப் பார்த்து "கத்தாம படுங்க" என்று வெட்டிப் பேசுகிறார். பார்த்துக்கொண்டிருக்கும் உறவினர் "பெருமை புடிச்சவ" என்கிறார். அந்த மிஸ்ஸுக்கே தன் குரல் அந்நியமாகக் கேட்டிருக்கும். நோயாளியைப் பெயர் சொல்லி அழைத்தவர், "எட்டாம் கட்டில்" என்று சொல்லத் தொடங்குகிறார். கல்நெஞ்சம் என்று இதைத் தள்ளிவிடக்கூடாது. இனி எதையும் தாங்க இடமில்லாத மனம் தன்னை மூடிக்கொள்ளும் விதம் இது.

மனச்சோர்வு நோய் இதற்கு அடுத்த வீடு. பணிச்சோர்வு வேலையைச் சுற்றி நிற்கும். மனச்சோர்வு நோய் வீட்டுக்குள்ளும் வரும். பிள்ளையின் சிரிப்பு, பெருநாள் உடுப்பு, பிடித்த சாப்பாடு எதிலும் சந்தோஷம் இல்லை, உறக்கமும் பசியும் மாறிவிட்டன, இரண்டு கிழமைக்கு மேல் இப்படியே போகிறது என்றால் அது சிகிச்சை வேண்டிய நோய். "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நல்லம்" என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே உதவி தேட வேண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டத்தை இலங்கை 1998இலேயே நீக்கிவிட்டது. பொலிஸுக்குப் பயந்து வைத்தியசாலைக்குப் போகாமல் இருக்க எந்தக் காரணமும் இல்லை.

இந்தக் கரையில் சுமை எப்படி ஏறியது

பெரியநீலாவணையில் இருந்து பொத்துவில் வரை நீளும் இந்தக் கரையோரம் சுகாதார நிர்வாகத்தில் கல்முனைப் பிராந்தியம். கல்முனையிலேயே அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை என இரண்டு. நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று மற்றவை. இங்கே வேலை செய்யும் பலர் இங்கேயே பிறந்தவர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். அன்று வைத்தியசாலை வாசலில் ஜனாஸாக்களைப் பொறுப்பேற்றவர்கள், தங்கள் வீட்டாரையும் அந்த வரிசையில் தேடியவர்கள். அவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அன்று பாடசாலை போன பிள்ளைகள் இன்று டொக்டராகவும் மிஸ்ஸாகவும் அட்டண்டனாகவும் நிற்கிறார்கள்.

பிறகு கொரோனா. இதை ஒரு வரியில் கடந்துபோக என்னால் முடியாது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி, கொரோனாவில் இறந்த எல்லாரையும் எரிக்க வேண்டும் என்றது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. அந்த வருடக் கடைசியில் அக்கரைப்பற்றில் தொற்றுக் கொத்தணி உருவானபோது, நம் பிராந்தியத்தின் சுகாதார ஊழியர்கள் நடுவில் அகப்பட்டார்கள். வாப்பாவைக் கபுறில் வைக்கக் கேட்டு நிற்கும் பிள்ளையிடம் முடியாது என்று சொல்ல வேண்டியவர், அதே ஜும்ஆப் பள்ளியில் அவரோடு தோளோடு தோள் நின்று தொழுதவர். 2021 பெப்ரவரி 25இல் விதி மாறி, மார்ச் 5இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் அடக்கம் நடக்கும்வரை இது நீடித்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. அந்த மன்னிப்பு குடும்பங்களுக்கு உரியது. உத்தரவைத் தன் வாயால் சொல்ல நேர்ந்த ஊழியரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இப்படியான காயத்துக்கு அறக்காயம் என்று ஒரு பெயர் இருக்கிறது. சரி என்று தனக்குத் தெரிந்ததைச் செய்யவிடாமல், தவறு என்று தெரிந்ததற்குத் துணைநிற்க வைக்கப்படும்போது உள்ளே ஏற்படும் பிளவு. முதலில் போர்வீரர்களைப் பற்றிச் சொல்லப்பட்டது. வென்டி டீன், சைமன் டால்பொட் என்ற இரு அமெரிக்க வைத்தியர்கள் 2018இல் அதை வைத்தியத் துறைக்குக் கொண்டுவந்தார்கள். ஓய்வால் இது ஆறாது. நடந்ததைச் சொல்ல ஒரு காது வேண்டும்.

அந்தக் காயம் ஆறுமுன் 2022இன் பொருளாதார நெருக்கடி. மருந்து இல்லை, பெற்றோல் இல்லை, செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். நோயைக் கண்டுபிடிக்கத் தெரியும், மருந்தின் பெயர் தெரியும், அலுமாரியில் மருந்து இல்லை. "வெளியில வாங்கிட்டு வாங்க" என்று துண்டு எழுதிக் கொடுத்த கைகளுக்கு அந்தத் துண்டோடு போகிறவரின் சட்டைப்பையில் எவ்வளவு இருக்கும் என்றும் தெரியும். சேர்ந்து படித்த டொக்டர்கள் ஒவ்வொருவராக இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் மாலைதீவுக்கும் போனார்கள். போனவர்களின் டியூட்டி இருந்தவர்களின் தலையில் விழுந்தது. சம்பளம் கரைந்ததால் மேலதிக நேரக் கொடுப்பனவை நம்பியே வீட்டுக் கடன் கட்டும் நிலை. ஓய்வு வேண்டும் என்று கேட்டால் காசு குறையும். ஆகவே சோர்ந்தவரே கூடுதல் டியூட்டியை விரும்பிக் கேட்கிறார்.

ஒரு தாதியின் நோன்பு கால நாள் ஒன்றைப் பார்ப்போம். காலை 7 மணிக்கு வேலை. பகல் 1 மணிக்கு வீடு. அதே இரவு 7 மணிக்குத் திரும்ப வார்டுக்குப் போக வேண்டும், மறுநாள் காலை 7 வரை. நடுவில் உள்ள ஆறு மணிநேரம் உறங்குவதற்கு என்று அட்டவணை போட்டவர் நினைத்திருப்பார். அந்த ஆறு மணிநேரத்தில் வெள்ளை உடுப்பைத் தோய்த்துப் போட்டு, மகனை டியூசனுக்கு அனுப்பி, மாமிக்கு இன்சுலின் ஏற்றி, கஞ்சி காய்ச்சி, நோன்பு திறந்த கையோடு ஸ்கூட்டியை எடுக்கிறார். இரவில் வார்ட் நிறைந்து நிலத்திலும் பாய். விடிய நாலு மணிக்கு ஸஹர் என்பது இரண்டு சேலைனுக்கு நடுவில் நின்றபடி விழுங்கும் பேரீச்சம்பழமும் தண்ணீரும். காலை ஏழரைக்கு வைத்தியசாலை வாகனத் தரிப்பிடத்தில் ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பாமல் பத்து நிமிடம் சும்மா இருக்கிறார். வீட்டுக்குப் போனால் அடுத்த டியூட்டி தொடங்கும் என்பதால்.

சோர்வு நோயாளியைத் தொடும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. பொஸ்டன் வைத்தியசாலை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில், 24 மணிநேரமும் அதற்கு மேலும் நீளும் டியூட்டி செய்த பயிற்சி வைத்தியர்கள், அப்படி நீளாத அட்டவணையில் வேலை செய்தபோது விட்டதைவிட 36 வீதம் அதிகமாகப் பாரதூரமான தவறுகளை விட்டார்கள். 2004இல் வெளியான ஆய்வு. அதே ஆட்கள், அதே படிப்பு. மாறியது அட்டவணை மட்டும்.

குடியும் குளிசையும்

சோர்ந்த மனிதன் முதலில் தேடுவது உறக்கத்தை. மது அதைத் தருவதுபோல் தெரியும். மூளையின் பரபரப்பை அடக்கும் செயற்பாட்டை அது தூண்டுவதால் கண் செருகும். நாலைந்து மணிநேரத்தில் மது உடலைவிட்டு இறங்கும்போது, அடக்கி வைத்திருந்த பரபரப்பு இரட்டிப்பாய்த் திரும்பும். நடுச்சாமத்தில் நெஞ்சு படபடக்க விழிப்பு வரும். உறக்கம் கெட்டிருப்பதால் மறுநாள் கூடுதல் சோர்வு. அடுத்த இரவு கூடுதல் அளவு. மூளை இதற்குப் பழகிவிட்டால், குடிக்காதபோது கை நடுங்கும். உறக்கத்துக்கு என்று தொடங்கியவர், பின்பு நடுக்கத்தை நிறுத்தவே குடிக்கிறார்.

அமெரிக்காவில் 7,000க்கு மேற்பட்ட சத்திரசிகிச்சை வைத்தியர்கள் பதில் சொல்லி 2012இல் வெளியான கணக்கெடுப்பில், 15.4 வீதமானவர்களிடம் குடி நோயின் அடையாளங்கள் இருந்தன. பெண் வைத்தியர்களில் அது 25.6 வீதம். பணிச்சோர்வும் மனச்சோர்வும் உள்ளவர்களிடம் அது கூடுதல். அண்மையில் பெரிய மருத்துவத் தவறு ஒன்று நேர்ந்ததாகச் சொன்னவர்களிடமும் கூடுதல். அந்த எண்களை அப்படியே கல்முனைக்குக் கொண்டுவர முடியாது. நம் நாட்டில் பெண்களிடையே மதுப் பழக்கம் மிக அரிது. முஸ்லிம் ஊர்களில் ஆண்களிடையேயும் குறைவு. ஆனால் சோர்வு, தவறு, குற்றவுணர்வு, மறதிக்கு ஒரு மருந்து என்ற அந்தச் சங்கிலி எல்லா ஊருக்கும் பொது.

நம் ஊரில் அந்த மருந்து பல நேரம் குளிசையாக வரும். குளிசைக்கு வாடை கிடையாது. அதை விற்பது தவறணை அல்ல, பார்மசி. ஹராமா என்ற கேள்வியும் மனதைக் குத்தாது, 'மருந்துதானே' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். உறக்கத்துக்கு டயஸிபாம், உடம்பு வலிக்கு டிரமடோல், நரம்பு வலிக்கான பிரிகபலின். தானே எழுதி, தானே எடுக்கும் வசதி டொக்டருக்கு. வார்ட் அலுமாரிக்குப் பக்கத்தில் நிற்கும் வசதி மற்றவர்களுக்கு. டயஸிபாம் வகைக் குளிசைகளை நாளாந்தம் எடுத்தால் சில கிழமைகளிலேயே உடல் பழகிவிடும். இவற்றுக்கு மேலே மோர்பின், பெத்திடின் இருக்கின்றன. பூட்டிய அலுமாரி, பதிவேடு, கையொப்பம் எல்லாம் சட்டப்படி இருக்கும். இருந்தும் கோளாறு நடக்கும் இடத்தில் சில அடையாளங்கள் தெரியும். குறித்த ஒருவரின் டியூட்டியில் மட்டும் மருந்துக் குப்பி அடிக்கடி உடையும். வலி ஊசி போட்டதாக பெட் ஹெட் டிக்கெட்டில் எழுதியிருக்கும், நோயாளி விடியவிடிய முனகுவார். அந்த ஊழியர் யாரும் கேட்காமலே இரவு டியூட்டியை மாற்றி வாங்குவார், லீவு நாளிலும் வார்டுக்கு வந்து போவார். வெக்கைக் காலத்திலும் ஊசி அடையாளத்தை மறைக்க நீளக் கைச் சட்டை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தக் கட்டுரையில் வேறெதுவும் மனதில் நிற்காவிட்டாலும் இது நிற்க வேண்டும். நாளாந்தம் அதிகமாகக் குடித்து வந்தவர் வீட்டில் இருந்தபடி ஒரேயடியாக நிறுத்தக்கூடாது. நிறுத்தி முதல் நாளுக்குள் நடுக்கமும் வியர்வையும் வரும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் ஆள் புத்தி தடுமாறி, இல்லாததைப் பார்த்துப் பேசி, காய்ச்சலோடு உயிராபத்துக்குள் போகலாம். உறக்கக் குளிசையை நீண்டகாலம் எடுத்தவருக்கும் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். நோன்புப் பிறை கண்ட இரவில், இனித் தொடுவதில்லை என்று மனதார நிய்யத் வைத்து நிறுத்துபவர்கள் இருப்பார்கள். அந்த நிய்யத்தை அல்லாஹ் ஏற்பானாக. ஆனால் பிறைக்கு இரண்டு கிழமை முன்னால் வைத்தியரிடம் போனால், மாற்று மருந்தும் விற்றமின் பி1உம் தந்து படிப்படியாக இறக்குவார்கள். நோன்பு நோற்கலாமா என்பதையும் அவரிடமே கேட்கலாம். பிறை கண்ட பிறகு நிறுத்தி நடுங்கத் தொடங்கிவிட்டால், வெட்கத்தைப் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

ஊர் என்ன சொல்லும்

நோய் வந்தால் வைத்தியரிடம் போக வேண்டும் என்று ஊருக்கே சொல்பவர், தனக்கு வரும்போது ஏன் போவதில்லை? போக வேண்டிய இடம் அவர் வேலை செய்யும் இடம் என்பது முதல் காரணம். உளநலப் பிரிவு வாசலில் அவர் உட்கார்ந்திருப்பதை மருந்தெடுக்க வந்த மாமி பார்ப்பார். அஸருக்குள் ஊருக்குத் தெரியும்.

நம் கரையோரத்துக் குடும்ப அமைப்பு அடுத்தது. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளை எடுக்கிறோம். கல்யாணம் முடித்தவர் வாழ்வது மனைவியின் வீட்டில். டொக்டர் மாப்பிள்ளை என்று ஊரே பேசி எடுத்த மனிதர், இரவில் உறக்கமில்லாமல் அழுகிறார் என்றால் அது மாமா, மாமி, மச்சினன்மார் கண்முன்னால் நடக்கிறது. "என்னால ஏலாம இருக்கு" என்று சொல்ல அவருக்கு அந்த வீட்டில் ஒரு மூலை இல்லை. தன் உம்மாவிடம் சொல்லலாம் என்றால், கரை சேர வேண்டிய தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். "மன வருத்தம் உள்ள குடும்பம்" என்ற பேச்சு அவளுடைய கல்யாணத்தில் வந்து விழும். பெண் ஊழியருக்கு வேறு விதம். அவர் சோர்ந்தார் என்றால் "வேலைய உடு" என்பதுதான் வீட்டின் முதல் வைத்தியம். வேலையை இழக்கப் பயந்து அவர் வாயை மூடிக்கொள்கிறார்.

மூன்றாவது தொழில் பயம். கடமையில் மது அருந்தியிருப்பது அரச ஊழியருக்கு ஒழுக்காற்றுக் குற்றம். அந்த விதி நோயாளிக்காக இருக்க வேண்டியதுதான். ஆனால் பிடிபட்டால் தண்டனை, தானாக வந்து சொன்னாலும் தண்டனை என்று ஊழியர் நம்பினால், யார் வந்து சொல்வார்? அமெரிக்காவில் லோர்னா பிரீன் என்ற அவசர சிகிச்சை வைத்தியர், கொரோனாவின் முதல் அலையில் நியூயோர்க்கில் இரவுபகலாக நின்றவர், 2020 ஏப்ரலில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மனநல உதவி பெற்றது தெரிந்தால் தொழில் போய்விடும் என்று அவர் அஞ்சியதைக் குடும்பத்தார் சொன்னார்கள். 2022 மார்ச்சில் அவர் பெயராலேயே, சுகாதார ஊழியரின் மனநலத்துக்கான சட்டம் ஒன்று அந்நாட்டில் வந்தது.

மார்க்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்தவரின் பாவத்தை ஊரறியப் பேசாமல் மூடுவது நமக்குக் கற்பிக்கப்பட்ட பண்பு. அதை நாம் தலைகீழாகச் செய்கிறோம். வம்புக்குத் திறந்து வைக்கிறோம், சிகிச்சைக்கு மூடி வைக்கிறோம். குடிக்கு அடிமையானவர் தவ்பா செய்வது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில். அவருடைய கல்லீரலும் நடுக்கமும் வைத்தியருக்குரியவை. ஓதிப் பார்க்க விரும்பும் குடும்பம் தாராளமாக ஓதட்டும். கிளினிக் திகதியையும் தவறவிடாமல் போகட்டும். ஜும்ஆ மேடையில் இருந்து ஒரு கதீப் இதை ஒருமுறை சொன்னால், நூறு துண்டுப்பிரசுரம் செய்யாத வேலையை அது செய்யும்.

குணமாகும்

நம்பிக்கைக்கு உறுதியான காரணம் இருக்கிறது. குடிநோயாளர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் 'அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்' அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவர் சத்திரசிகிச்சை வைத்தியர். பொப் ஸ்மித், ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரத்தவர். பல வருடம் மறைந்து குடித்தவர். அவர் கடைசியாகக் குடித்தது 1935 ஜூன் 10இல் என்று அந்த அமைப்பு கொண்டாடுகிறது. அதன் பிறகு 1950இல் இறக்கும்வரை, தன்னைப் போன்ற ஆயிரக்கணக்கானோருக்கு அதே ஊர் வைத்தியசாலையில் வைத்தியம் பார்த்தார்.

தனிமனிதக் கதை போதாது என்பவர்களுக்கு எண்ணும் உண்டு. அமெரிக்காவின் 16 மாநிலங்களில், மது அல்லது மருந்துப் பழக்கத்தால் வைத்தியர்களுக்கான சிறப்புத் திட்டங்களில் சேர்ந்த 904 பேரை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 78 வீதமானவர்களின் பரிசோதனையில் ஒருமுறைகூட மது, போதை தென்படவில்லை. இந்தக் கணக்கு 2009இல் வெளியானது. சாதாரண சிகிச்சையில் இவ்வளவு நல்ல பலன் அபூர்வம். காரணம் அந்தத் திட்டங்களின் அமைப்பு: கௌரவமான சிகிச்சை, பல வருடத் தொடர்ச் சோதனை, ஒழுங்காக இருந்தால் தொழில் கையில் இருக்கும் என்ற உறுதி. நோயாளிகளைப் பாதுகாக்க, தேறும்வரை அவரைக் கடமையில் இருந்து விலக்கி வைப்பார்கள். அது தண்டனையாகக் கணக்கில் ஏறாது. இங்கிலாந்தில் கிளேர் ஜெராடா என்ற வைத்தியர் 2008இல் இதேபோல் வைத்தியர்களுக்கான இரகசியச் சேவை ஒன்றைத் தொடங்கினார். உலக மருத்துவர்கள் சங்கம் 2017இல் வைத்தியர்களின் உறுதிமொழியைத் திருத்தியபோது, தன் சொந்த உடல்நலத்தையும் நல்வாழ்வையும் பேணுவதையும் அதில் கடமையாகச் சேர்த்தது.

நம் நாட்டுக்கும் உளநலச் சேவையை விரித்த அனுபவம் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு 2005இல் உளநலக் கொள்கை வந்து, கொழும்பில் குவிந்திருந்த உளநலச் சேவை மாவட்டங்களுக்குப் பரவியது. மட்டக்களப்பில் உளநல வைத்திய நிபுணர் மா. கணேசன் போன்றோர் அதைக் கிராமம்வரை கொண்டுபோனார்கள். இன்று நம் கரையோரத்து ஆதார வைத்தியசாலைகளிலும் உளநலப் பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவின் கதவு ஊழியர்களுக்கும் பயமின்றித் திறக்க, பிராந்திய நிர்வாகம் மனம்வைத்தால் செய்யக்கூடியவை உள்ளன: கல்முனை ஊழியரை மட்டக்களப்பிலும் மட்டக்களப்பு ஊழியரை இங்கும் பார்க்கும் ஏற்பாடு, தானாக வந்து உதவி கேட்டவரின் விபரம் ஒழுக்காற்றுக் கோவைக்குப் போகாது என்ற எழுத்து மூல உறுதி, இரவு டியூட்டிக்கு அடுத்த நாள் கட்டாய ஓய்வு. தலைமைத் தாதி அட்டவணை எழுதும்போது, ஒரே ஆளுக்குக் காலையும் இரவும் சேர்த்துப் போடாமல் விடுவதற்கு ஆள் பற்றாக்குறை தடையாக இருக்கலாம். அப்படியானால் அந்தப் பற்றாக்குறையை மேலே எழுதி அனுப்ப வேண்டும். அதை ஊழியரின் உறக்கத்தில் இருந்து கழிக்கக்கூடாது.

ஊரில் இருக்கும் நாமும் கொஞ்சம் கையை எடுக்கலாம். இரவு பதினொரு மணிக்கு டொக்டரின் வட்ஸ்அப்புக்கு "ஒரு சின்ன டவுட்" என்று இரத்த அறிக்கையை அனுப்புவது. பார்வை நேரத்தில் ஒரு கட்டிலைச் சுற்றி இருபது பேர் நிற்பது. பிழை நடந்ததா என்று தெரியுமுன்னே தாதியின் படத்தைப் பேஸ்புக்கில் போடுவது. இவற்றால் நம் நோயாளி சுகமாவதில்லை.

கூட வேலை செய்பவர் மாறிவிட்டதைக் கண்டால், நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். டியூட்டி முடிந்த பிறகு, தனியாக, கண்டதை மட்டும் சொல்லிக் கேளுங்கள். "ராத்தா, கொஞ்ச நாளா நீங்க சரியா சாப்பிடுறதும் இல்ல, பேசுறதும் இல்ல. நான் பயப்படுறன். என்ன நடக்குது?" என்று கேட்டுவிட்டு, புத்தி சொல்லாமல் காத்திருங்கள். முதல் தடவை "ஒண்டும் இல்ல" என்றுதான் பதில் வரும். மறு கிழமையும் கேளுங்கள். கடமையில் மதுவோ மருந்தோ எடுத்திருக்கிறார் என்று தெரிந்தால் அது வேறு. அந்த நேரமே அவரை நோயாளியிடம் இருந்து விலக்கி, பொறுப்பானவருக்குச் சொல்லி, பத்திரமாக வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவருடைய டியூட்டியைத் தானே செய்து மறைப்பவர் அன்புக்காகத்தான் செய்கிறார். ஆனால் அதனால் நோயுற்றவரின் சிகிச்சை இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போகிறது.

வைத்தியசாலை வாசலில் நிற்கவே கூசுகிறவர் தொலைபேசியில் இருந்து தொடங்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இரவும் பகலும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். மதுவுக்கும் போதைக்கும் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. மனம்விட்டுப் பேச மட்டும் வேண்டுமானால் 1333. என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், "நான் ஆஸ்பத்திரில வேலை செய்றன், எனக்கு உறக்கம் இல்ல" என்று சொன்னால் போதும். மிச்சத்தை அவர்கள் கேட்பார்கள்.